உணரி கையில் இல்லாமல் எச்சரிக்கை வகுப்பைச் சோதிப்பது எப்படி? ஸ்டப் பொருள்கள் பற்றிய விவாதம்

மருதநிழல் (அக்கராயன்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மூவர் சேர்ந்து எங்கள் ஊர்க் குளத்தின் நீர்மட்டத்தை அளந்து, அது வான் பாயும் (நிரம்பி வழியும்) நிலையை நெருங்கும்போது கமக்கார அமைப்பின் பொறுப்பாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை ஜாவாவில் எழுதி வருகிறோம். குளக்கட்டில், துருசுக்கு அருகே நாட்டிய கம்பத்தில் மீயொலி உணரி பொருத்தப்பட்டிருக்கிறது. குளத்தின் பூச்சிய மட்டத்திலிருந்து 18 அடி உயரத்தில் இருந்தபடி, கீழே நீர்ப்பரப்பு எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை அது சென்ரிமீற்றரில் சொல்கிறது. 12 அடியில் குளம் வான் பாயும், 11.5 அடியில் எச்சரிக்கை போக வேண்டும்.

‘நீர்மட்ட எச்சரிக்கை’ என்ற வகுப்புத்தான் (நிரலின் ஓர் அலகு, ‘கிளாஸ்’) எல்லாவற்றையும் செய்கிறது. உணரியிடம் தூரத்தைக் கேட்டு, அதை அடிக்கு மாற்றி, வரம்பைத் தாண்டியிருந்தால் குறுஞ்செய்திச் சேவையை அழைத்து, அனுப்பிய நேரத்தைத் தரவுத்தளத்தில் பதிகிறது. அதே எச்சரிக்கை ஆறு மணித்தியாலத்துக்குள் இரண்டாம் தடவை போகக் கூடாது என்பது அமைப்பினர் கேட்டுக்கொண்ட விதி.

இதற்கு அலகுச் சோதனை (நிரலின் ஒரு பகுதியை மட்டும் தனியே சரிபார்க்கும் சிறு நிரல்) எழுத முற்பட்டபோது எதுவும் நகரவில்லை. சோதனையை ஓட்டுவதற்கு உணரி இணைப்பில் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்திலும் உண்மையான குறுஞ்செய்திக்குக் காசு போகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக இது ஆனி மாதம், சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருப்பதால் குளம் 11.5 அடியை எட்டப்போவதே இல்லை. ஸ்டப் பொருளை, அதாவது உண்மைப் பொருளின் இடத்தில் நின்று முன்கூட்டியே தயாரித்த பதிலைத் தரும் மாற்றுப் பொருளை, வைத்துச் சோதிக்கலாம் என்று பல இடங்களில் வாசித்தேன். ஆனால் எங்கள் வகுப்பு தன் கொன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே (பொருள் உருவாகும்போது ஓடும் பகுதிக்குள்ளேயே) உணரியையும் குறுஞ்செய்திச் சேவையையும் உருவாக்கிக்கொள்வதால், ஸ்டப்பை எந்த வழியால் உள்ளே விடுவது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் இருக்கிறது. பதிலை நானே எழுதிக் கொடுத்து, அதையே திரும்பப் பெற்று, சரி என்று சொல்லிக்கொள்வதால் எதைத்தான் நிரூபிக்கிறேன்?

கனகராயன் (கிளிநொச்சி)

தங்கச்சி, உங்கள் இரண்டாவது சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிவானால் முதலாவதற்கு வழி தானாகவே தெரியும்.

உங்கள் வகுப்புக்கென்று ஒரு பொறுப்பு இருக்கிறது: கிடைத்த தூரத்தையும் கடைசியாக அனுப்பிய நேரத்தையும் வைத்து, இப்போது எச்சரிக்கை அனுப்புவதா இல்லையா என்று தீர்மானிப்பது. உணரி சரியாக அளக்கிறதா, தொலைபேசி வலையமைப்பு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பன வேறு பொருள்களின் பொறுப்புகள். உணரி 198 சென்ரிமீற்றர் என்று சொல்லும்போது உங்கள் வகுப்பு என்ன முடிவு எடுக்கிறது என்பதை மட்டும் பார்க்க விரும்பினால், உணரியை அந்தப் பதிலில் நிறுத்திவைக்க வேண்டும். ஸ்டப் செய்வது அவ்வளவுதான். கேள்விக்கான பதிலை நீங்கள் கொடுத்தீர்கள், முடிவை வகுப்பு எடுத்தது. சோதனை சரிபார்ப்பது அந்த முடிவை. ஸ்டப் கொடுத்த 198ஐயே திரும்ப வாங்கி 198தானா என்று ஒப்பிடும் சோதனை எங்காவது இருந்தால் அதை நீக்கிவிடலாம், அது எதையும் சொல்லாது.

மார்கழி வெள்ளத்தை ஆனி மாதத்தில் கொண்டுவந்து பார்ப்பதற்கு நமக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை. வன்னியில் குளங்கள் நிரம்புவது பெரும்பாலும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட வடகீழ்ப் பருவமழையில். உண்மையான குளத்தை வைத்துச் சோதிப்பதென்றால் வருடத்தில் சில கிழமைகளே கிடைக்கும், அந்தக் கிழமைகளில்தான் மென்பொருள் தவறவே கூடாது.

இனி முதலாவது கேள்வி. ‘தூரம் தருபவர்’ என்று ஓர் இடைமுகத்தை (ஒரு பொருள் எவற்றைச் செய்யும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தத்தை) எழுதுங்கள். அதில் ஒரே ஒரு மெதட் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரற்பகுதி) போதும்: தூரத்தைச் சென்ரிமீற்றரில் தருவது. உண்மையான உணரியோடு பேசும் வகுப்பு இந்த இடைமுகத்தை நிறைவேற்றட்டும். எச்சரிக்கை வகுப்பின் கொன்ஸ்ட்ரக்டரில் உணரியை உருவாக்கும் வரியை எடுத்துவிட்டு, ‘தூரம் தருபவர்’ ஒருவரை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருள் தொடங்கும் முதன்மை மெதட்டில் உண்மையான உணரியைக் கொடுங்கள், சோதனையில் ஸ்டப்பைக் கொடுங்கள். வகுப்புக்கு வந்திருப்பவர் யார் என்பது தெரியத் தேவையில்லை.

ஸ்டப்பைக் கையால் எழுதுவதே தொடக்கத்தில் நல்லது. ‘நிலைத்த தூரம்’ என்று ஒரு சிறிய வகுப்பு; கொன்ஸ்ட்ரக்டரில் ஓர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்கிறது; தூரம் கேட்டால் அந்த எண்ணைத் தருகிறது. ஐந்தாறு வரிகள்தான். அதன்பின் சோதனை இப்படி வாசிக்கப்படும்: தூரம் 198 என்று நிலைத்திருக்கும் ஸ்டப்பை எச்சரிக்கை வகுப்பிடம் கொடு, மட்டத்தைப் பார்க்கச் சொல், எச்சரிக்கை போயிருக்க வேண்டும். அடுத்தது: தூரம் 199, எச்சரிக்கை போயிருக்கக் கூடாது. 18 அடியிலிருந்து 11.5 அடிக்கு 6.5 அடி, அதாவது 198.12 சென்ரிமீற்றர். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எண்களைத் தேர்ந்தால்தான், ஒப்பீட்டுக் குறியை யாரேனும் திருப்பிப் போட்டாலும் சோதனை பிடித்துக்கொடுக்கும். இங்கே அதற்கான வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தூரம் குறையக் குறைய மட்டம் கூடுகிறது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதற்குப் பிறகு வருவது. நல்ல எண்களை மட்டும் தரும் ஸ்டப்பை நம்பாதீர்கள். உங்கள் மீயொலி உணரிக்கு ஓர் உச்ச தூரம் இருக்கும். மலிவாகக் கிடைக்கும் வகைகளுக்கு அது ஏறக்குறைய 4 மீற்றர். கம்பம் 18 அடியில் இருப்பதால், நீர் 5 அடிக்குக் கீழே போய்விட்டால் தூரம் அந்த 4 மீற்றரை எட்டிவிடும், எதிரொலி ஒழுங்காகத் திரும்பாது. எதிரொலி வராதபோது பல நிரல் நூலகங்கள் 0 என்ற எண்ணைத் தருகின்றன. ஆர்டுயினோ என்ற சிறிய மின்சுற்றுப் பலகையில் துடிப்பை அளக்கும் மெதட்டும் குறித்த நேரத்துக்குள் துடிப்பு முழுமையாக வராவிட்டால் 0 என்றே தரும். இப்போது உங்கள் கணக்கில் 0 சென்ரிமீற்றர் தூரத்தைப் போட்டுப் பாருங்கள். நீர் உணரியைத் தொட்டுவிட்டது, மட்டம் 18 அடி, குளம் வானுக்கு மேல் 6 அடி பாய்கிறது. ஆவணி வரட்சியில் குளத்தடி வெடித்துக் கிடக்கும்போது ஊருக்கு வெள்ள எச்சரிக்கை போகும். ஒரு முறை அப்படிப் போய்விட்டால், பிறகு உண்மையான வெள்ளத்தன்று அந்தக் குறுஞ்செய்தியைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆகவே இன்றே எழுத வேண்டிய சோதனை, தூரம் 0 தரும் ஸ்டப்போடு எழுதப்படும் சோதனை. அது தோற்கும். தோற்ற பின், ‘அளவு கிடைக்கவில்லை’ என்பதை எண்ணாகச் சொல்லாமல் வேறாகச் சொல்லும்படி இடைமுகத்தை மாற்றுங்கள். ஜாவாவில் வெறுமையாகவும் இருக்கக்கூடிய ‘ஒப்ஷனல்’ வகையைத் திருப்பித் தரலாம்.

மருதநிழல் (அக்கராயன்)

மிக்க நன்றி அண்ணா. இடைமுகத்தைப் பிரித்தெடுத்து, 0 தரும் ஸ்டப்பை முதலில் எழுதினேன். நீங்கள் சொன்னபடியே சோதனை தோற்றது. எச்சரிக்கைச் செய்தியில் 18.0 அடி என்று வந்தது.

இப்போது எனக்கு இரண்டு ஐயங்கள். ஆறு மணித்தியால விதியைச் சோதிக்க உண்மையாகவே ஆறு மணித்தியாலம் காத்திருக்க முடியாது. நேரத்துக்கும் ஸ்டப் எழுத வேண்டுமா? மற்றையது, எங்கள் குழுவில் ஒருவர் ஸ்டப்புகளைக் கையால் எழுதுவது வீண் வேலை, மொக்கிட்டோ போன்ற நூலகமே ஒரு வரியில் உருவாக்கித் தரும் என்கிறார்.

முதிரை (வவுனியா)

நேரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

வகுப்பின் உள்ளே ‘இப்போது நேரம் என்ன’ என்று கணினியை நேரடியாகக் கேட்கும் ஒவ்வொரு வரியும், நீங்கள் முன்பு உணரியை உள்ளேயே உருவாக்கிய வரியைப் போன்றதே. 2014இல் வந்த ஜாவா 8இலிருந்து மணிக்கூட்டுக்கென்று ஒரு வகுப்பு மொழியோடேயே வருகிறது. அதை இடைமுகம் போல வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். குறித்த ஒரு கணத்தில் அசையாமல் நிற்கும் மணிக்கூட்டையும் அந்த வகுப்பே தரும். அதுவே ஆயத்தமான ஸ்டப். ஆனால் உங்கள் விதிக்கு நேரம் நகர வேண்டும். அந்த வகுப்பை நீட்டித்து, ‘இவ்வளவு முன்னே போ’ என்று சொல்லக்கூடிய ஒரு சிறிய மணிக்கூட்டை எழுதிக்கொள்ளுங்கள். எச்சரிக்கை அனுப்பு, 5 மணித்தியாலம் 59 நிமிடம் முன்னே போ, மறுபடி பார்க்கச் சொல், இரண்டாவது செய்தி போயிருக்கக் கூடாது. இன்னும் ஒரு நிமிடம் முன்னே போ, இப்போது போயிருக்க வேண்டும். சரியாக ஆறு மணித்தியாலம் ஆனதும் அனுப்புவதா, அதற்குப் பின்னரா என்று சோதனை உங்களைக் கேட்கும். அதை நிரலாளர் ஊகிக்காமல் கமக்கார அமைப்பினரிடமே கேட்டு எழுதுவது முறை.

நேர வலயத்தையும் மறக்க வேண்டாம். உங்கள் மடிக்கணினி இலங்கை நேரத்தில் ஓடும், வாடகைக்கு எடுக்கும் சேவையகம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நாளாந்த அறிக்கை ஒன்று இருக்கிறதென்றால், நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30க்கும் இடையே சேவையகத்துக்கு அது இன்னும் நேற்றைய திகதிதான். மணிக்கூட்டு ஸ்டப்பை உலகப் பொது நேரம் 2025 மே 31, 18.29இல் ஒரு தடவையும் 18.30இல் ஒரு தடவையும் நிறுத்திப் பாருங்கள். முதலாவதில் அறிக்கையின் திகதி மே 31, இரண்டாவதில் யூன் 1 என்று வர வேண்டும்.

பழைய மழைவீழ்ச்சிப் பதிவுகளை ஏற்றும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. இலங்கை 1996 மே மாதத்தில் உலகப் பொது நேரத்தைவிட ஆறரை மணித்தியாலம் முந்திய நேரத்துக்கும், அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆறு மணித்தியாலத்துக்கும் மாறி, 2006 ஏப்ரல் 15இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. கொழும்பு என்ற நேர வலயத்தில் இவை பதிந்திருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் வன்னியின் பெரும்பகுதி பழைய நேரத்தையே கடைப்பிடித்தது. ஆகவே அக்காலத்தில் இங்கே கையால் எழுதிய பதிவேட்டின் மணி, நூலகம் கொடுக்கும் மணியிலிருந்து அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ வேறுபடலாம். அப்படிப்பட்ட திகதி ஒன்றையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கனகராயன் (கிளிநொச்சி)

முதிரை சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். மொக்கிட்டோ பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

அது நல்ல கருவி, நானும் அன்றாடம் பாவிக்கிறேன். ‘இந்த மெதட்டைக் கேட்டால் இந்தப் பதிலைக் கொடு’ என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் பதில் சொல்லிக்கொடுக்காத மெதட்டைக் கேட்டால் அது பேசாமல் ஒரு வழமைப் பதிலைத் தரும்: எண்களுக்கு 0, பட்டியல்களுக்கு வெறும் பட்டியல், பெரும்பாலான மற்றப் பொருள்களுக்கு ‘நல்’ (எதுவும் இல்லை). உங்கள் பழைய இடைமுகத்தில் தூரம் வெறும் எண்ணாக இருந்தது. சோதனையில் தூரத்தைக் கொடுக்க மறந்துபோனால் 0 வரும். 0 வந்தால் வெள்ளம். ‘எச்சரிக்கை போயிருக்க வேண்டும்’ என்ற சோதனை தவறான காரணத்துக்காகத் தேறிவிடும். சோதனைகளை ஓட்டும் நூலகமான ஜேயூனிட் 5உடன் சேர்த்து ஓட்டும்போது, சொல்லிக்கொடுத்தும் கேட்கப்படாத பதில்களை மொக்கிட்டோ பிழையாகக் காட்டித் தரும். சொல்லிக்கொடுக்க மறந்ததை அப்படிக் காட்டாது. கையால் எழுதிய ஸ்டப்பிலோ எண்ணைக் கொன்ஸ்ட்ரக்டரில் கொடுக்காவிட்டால் நிரல் தொகுப்பைக்கூடத் தாண்டாது. அந்தக் கண்டிப்புக்காகவே, ஒன்றிரண்டு மெதட்டுகள் கொண்ட சிறிய இடைமுகங்களுக்கு நான் கையால் எழுதுவதை விரும்புகிறேன்.

பாலைப்பழம் (ஒட்டுசுட்டான்)

இந்த இழையில் சொல்லப்படாத மறுபக்கத்தை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லா வகுப்பையும் எல்லா வகுப்பிலிருந்தும் பிரித்து, இடையில் ஸ்டப் வைத்துச் சோதிக்கத் தொடங்கினால், நிரலின் உட்புறத்தில் சிறிய மாற்றம் செய்தாலும் ஐம்பது சோதனைகள் உடைகின்றன. நடத்தை மாறவில்லை, பயனருக்கு எதுவும் மாறவில்லை, ஆனால் ஒரு மெதட்டின் பெயரோ அதை அழைக்கும் வரிசையோ மாறியதற்காகச் சோதனைக் கோப்புகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியான நிரற்றொகுதியில் சில காலம் வேலை செய்தவர்கள் எதையும் செம்மைப்படுத்தத் துணிய மாட்டார்கள்.

எடுத்துக்காட்டாக, தூரத்தை அடியாக மாற்றும் கணக்கை மருதநிழல் தனி வகுப்பாகப் பிரித்தால், எச்சரிக்கை வகுப்பைச் சோதிக்கும்போது அந்தக் கணக்கு வகுப்புக்கும் ஸ்டப் வைக்க வேண்டுமா? நான் வைக்க மாட்டேன். அது ஒரு நொடியைக்கூட எடுக்காது, வலையமைப்பைத் தொடாது, ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும். உண்மையானதையே பாவித்தால் இரண்டும் சேர்ந்து சரியாக வேலை செய்வதையும் பார்த்துவிடலாம்.

ஸ்டப் மறைத்துவிடும் விடயங்களும் உண்டு. தமிழில் எழுதும் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 குறியலகுகளே இடம் (‘கு’ போன்ற உயிர்மெய்க்கு மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு). அதைத் தாண்டினால் செய்தி பகுதிகளாக உடையும், பகுதி ஒன்றுக்கு 67 மட்டுமே மிஞ்சும், கட்டணமும் பொதுவாகப் பகுதிக் கணக்கில் வரும். ‘குளத்தின் நீர்மட்டம் 11.5 அடி. வான் பாயும் நிலை நெருங்குகிறது.’ என்பது 62 குறியலகு, ஒரே செய்தியாகப் போகும். அதோடு ‘கீழ்ப்பகுதி வயல்களில் உள்ளோர் அவதானம்.’ என்று சேர்த்தால் 101 ஆகி இரண்டு பகுதியாகிவிடும். விசைப்பலகையைப் பொறுத்து ‘ளோ’ என்ற எழுத்தின் உயிர்க்குறி ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டு துண்டாகவும் இருக்கலாம், எண்ணிக்கை அதற்கேற்ப மாறும். எதைக் கொடுத்தாலும் ‘அனுப்பிவிட்டேன்’ என்று சொல்லும் குறுஞ்செய்தி ஸ்டப் இதில் எதைக் காட்டும்?

கனகராயன் (கிளிநொச்சி)

அண்ணா, உங்கள் ஆட்சேபம் சரியானது. அதனால் நாம் இருவரும் எதிரெதிரே நிற்கிறோம் என்று நான் நினைக்கவில்லை.

தனிமைப்படுத்திச் சோதிப்பது என்றால் வகுப்பைச் சுற்றியுள்ள அனைத்தையும் வெட்டிவிடுவது என்று பொருள்கொண்டால் நீங்கள் சொல்லும் நிலைதான் வரும். நான் வெட்டும் இடம், நிரல் வெளியுலகைத் தொடும் இடம்: உணரி, மணிக்கூடு, குறுஞ்செய்தி, தரவுத்தளம். இவை நம் கட்டுப்பாட்டில் இல்லாதவை, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வேறு பதில் தருபவை. அடிக்கு மாற்றும் கணக்கு அப்படி இல்லை. ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றராகவும் 35 பாகையில் ஏறத்தாழ 352 மீற்றராகவும் இருப்பதால், நம் வெயிலில் 3 மீற்றர் தூரத்துக்கு ஏறக்குறைய மூன்று அங்குலம் பிசகும். அந்தத் திருத்தத்தைச் செய்யும் கணக்குக்கு வெப்பநிலையையும் எதிரொலி வந்த நேரத்தையும் எண்களாகவே கொடுத்து, வந்த எண்ணைப் பார்த்தால் போதும். ஸ்டப்புக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்டப் இல்லாமல் சோதிக்கக்கூடிய பகுதியை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்குவதுதான் நல்ல வடிவமைப்பு. செய்தியின் நீளத்தை எண்ணுவதும் இந்த வகையே: செய்தி வாக்கியத்தை உருவாக்குவதைத் தனியே எடுத்தால், வந்த வாக்கியம் 70க்குள் அடங்குகிறதா என்று நேரடியாகப் பார்த்துவிடலாம்.

ஸ்டப் மறைப்பது பற்றி நீங்கள் சொன்னது இன்னும் முக்கியமானது. உண்மைப் பொருள் ஒருபோதும் சொல்லாத பதிலை ஸ்டப் சொல்லிக்கொண்டிருந்தால், பச்சை நிறத்தில் தேறும் சோதனைகள் எல்லாம் நம்மை ஏமாற்றுகின்றன. அதற்கு நான் கண்ட மருந்து, இடைமுகம் எதை வாக்களிக்கிறது என்பதையே ஒரு சோதனையாக எழுதுவது. 2017இல் வந்த ஜேயூனிட் 5இல் சோதனை மெதட்டுகளை ஓர் இடைமுகத்திலேயே எழுதிவைக்கலாம். ‘தூரம் தருபவர் எவரும் எதிர்மறை எண் தரக் கூடாது, எதிரொலி இல்லாவிட்டால் வெறுமை தர வேண்டும், உச்ச தூரத்தைத் தாண்டிய எண் தரக் கூடாது’ என்று அங்கே எழுதிவிட்டு, ஸ்டப்புக்கான சோதனை வகுப்பும் உண்மையான உணரிக்கான சோதனை வகுப்பும் அதையே நிறைவேற்றட்டும். ஸ்டப்புக்கானது ஒவ்வொரு சேமிப்பிலும் ஓடும். உண்மையானதைக் குளக்கட்டுக்குப் போகும் நாளில் மடிக்கணினியைக் கொண்டுபோய், உணரிக்கு முன்னால் பலகையைப் பிடித்தும் எடுத்தும் ஓட்டினால் போதும். இரண்டில் ஒன்று தோற்றால், ஸ்டப் பொய் சொல்கிறது அல்லது உணரி நாம் அறியாத ஒன்றைச் செய்கிறது. இரண்டுமே மழைக்கு முன் தெரிய வேண்டியவை.

உணரி உண்மையில் அனுப்பிய அளவுகளை ஒரு கோப்பில் சேர்த்துவைப்பதும் உதவும். காற்றில் நீர் அலையும்போது அடுத்தடுத்த அளவுகள் 196, 203, 191 என்று குதிக்கலாம். பறவை வந்து கம்பத்தில் அமர்ந்தால் திடீரென 30 என்று ஒன்று வரலாம். அந்தக் கோப்பிலிருந்து வரிசையாகப் பதில் சொல்லும் ஸ்டப், நாம் இருந்த இடத்தில் யோசித்து எழுதும் எந்த எண்ணையும்விட நேர்மையானது.

பாலைப்பழம் (ஒட்டுசுட்டான்)

எல்லையை அங்கே வைப்பதென்றால் எனக்கு மறுப்பு இல்லை. இடைமுகத்தின் வாக்குறுதியைச் சோதனையாக எழுதும் முறையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

மருதநிழல் (அக்கராயன்)

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. குறுஞ்செய்திப் பக்கத்தில் ஒன்று விளங்கவில்லை. உணரி ஸ்டப் எங்களுக்குப் பதில் தருகிறது, அதை வைத்து முடிவைப் பார்க்கிறோம். ஆனால் குறுஞ்செய்திச் சேவையிடம் நாங்கள் ஒன்றைக் கொடுக்கிறோம்; அது போயிற்றா என்று எப்படிப் பார்ப்பது? அதுவும் ஸ்டப்பா, அல்லது மொக் என்பதா?

கனகராயன் (கிளிநொச்சி)

2007இல் ஜெரார்ட் மெசாரோஸ் இத்தகைய மாற்றுப் பொருள்களை வகைப்படுத்தினார். அவர் வைத்த பெயர்களையே இப்போது பலரும் பாவிக்கிறார்கள். கேட்டால் முன்கூட்டியே தயாரித்த பதிலைத் தருவது ஸ்டப். தன்னை யார் எதைக் கொடுத்து அழைத்தார்கள் என்பதைக் குறித்துவைத்து, பின்னர் நாம் கேட்டுப் பார்க்க விடுவது ஸ்பை. எப்படி அழைக்கப்பட வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்து, அப்படி நடக்காவிட்டால் தானே சோதனையைத் தோற்கடிப்பது மொக். உங்கள் குறுஞ்செய்திப் பக்கத்துக்கு வேண்டியது ஸ்பை: அனுப்பச் சொன்ன செய்திகளை ஒரு பட்டியலில் சேர்க்கும் சிறிய வகுப்பு. சோதனையின் முடிவில் பட்டியலில் ஒன்று இருக்கிறதா, அதில் சரியான அடி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் அதே இடத்தில் உங்களுக்கு ஸ்டப்பும் தேவை. செய்தி அனுப்பும் முயற்சி தோற்கும் நாளை நினைத்துப் பாருங்கள். அடைமழை இரவு, மின்வெட்டு, தொலைத்தொடர்புக் கோபுரத்தின் மின்கலமும் இறங்கிவிட்டது. நீர்மட்டம் 11.5ஐத் தாண்டும் நேரமும் அதுவாகத்தான் இருக்கும். எப்போது கேட்டாலும் விதிவிலக்கு எறியும் (பிழை என்று அறிவிக்கும்) ஒரு குறுஞ்செய்தி ஸ்டப்பை எழுதி, உங்கள் வகுப்பிடம் கொடுங்கள். பிறகு பாருங்கள்: ‘கடைசியாக அனுப்பிய நேரம்’ தரவுத்தளத்தில் பதியப்பட்டதா? நேரத்தை முதலில் பதிந்துவிட்டு அதன்பின் அனுப்ப முயல்கிறது உங்கள் வகுப்பு என்றால், செய்தி போகவே இல்லை, ஆனால் போனதாகப் பதிவு இருக்கும். அடுத்த ஆறு மணித்தியாலத்துக்கு ஒருவருக்கும் எச்சரிக்கை போகாது. வரிசையை மாற்றி அனுப்பிய பின் பதிந்தால், அனுப்பி முடித்துப் பதிவதற்குள் சேவையகம் நின்றுபோனால் ஒரே செய்தி இரண்டு தடவை போகலாம். வெள்ள எச்சரிக்கையில் இரண்டு தடவை போவது போகாமல் விடுவதைவிட நல்லது, ஆகவே நான் இரண்டாவது வரிசையையே தேர்வேன். பத்துப் பொறுப்பாளர்களில் மூன்றாமவருக்கு மட்டும் தோற்றால் நான்காமவருக்குப் போகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறிப்பிட்ட இலக்கத்துக்கு மட்டும் தோற்கும் ஸ்டப்பை எழுதுவதும் எளிது.

கையில் உண்மையான குறுஞ்செய்திச் சேவை இருந்தாலும் இதை ஒழுங்காகச் சோதிக்க முடியாது. நாம் சொல்லும் நேரத்தில், சொல்லும் இலக்கத்துக்கு மட்டும் தோற்கும்படி எந்தச் சேவையையும் கேட்க இயலாது. ஸ்டப் தன் பெறுமதியை முழுமையாகக் காட்டுவது இத்தகைய தோல்விகளில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதிரை (வவுனியா)

தரவுத்தளத்துக்கு ஒரு குறிப்பு. நேரத்தைப் பதிவதற்கு ஒரு பட்டியலை நினைவகத்தில் வைத்திருக்கும் போலிப் பொருள் போதும். பதிந்ததை அது உண்மையாகவே திருப்பித் தருவதால், ஸ்டப்பில் ஒவ்வொரு பதிலையும் சொல்லிக்கொடுக்கும் வேலை இல்லாமற்போகும். ஆனால் செய்தியின் தமிழ் வாசகத்தையும் பதிவதானால், உண்மையான தரவுத்தளத்தோடு ஓடும் சோதனை ஒன்றையாவது தனியே வைத்திருங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளில் வழமை எழுத்துக் குறிமுறை லத்தீன். அமைப்பைப் பொறுத்துத் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறும், அல்லது பதியாமல் பிழை வரும். நினைவகத்துப் பட்டியல் எந்த எழுத்தையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும், அதனால் இதைக் காட்டாது.

மருதநிழல் (அக்கராயன்)

செய்தி தோற்கும் ஸ்டப்பை இன்று எழுதி ஓட்டினோம். எங்கள் வகுப்பு நேரத்தை முதலில்தான் பதிந்துகொண்டிருந்தது. வரிசையை மாற்றிவிட்டோம். ஆறு மணித்தியால எல்லை பற்றி அமைப்பின் செயலாளரிடம் கேட்டதற்கு, வான் பாயத் தொடங்கிவிட்டால் ஆறு மணித்தியாலம் பார்க்க வேண்டாம், உடனே இன்னொரு செய்தி வேண்டும் என்றார். ஆகவே 12 அடிக்குத் தனி விதி ஒன்று வருகிறது. அதற்கு முதலில் சோதனையை எழுதலாமா, அல்லது விதியை எழுதிவிட்டுப் பிறகா?

கனகராயன் (கிளிநொச்சி)

முதலில் சோதனையை எழுதுங்கள். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் மட்டும் முன்னே நகர்த்துங்கள், தூரத்தை 190இலிருந்து 182க்கு இறக்குங்கள் (12 அடிக்கு 182.88 என்பது உங்களுக்குத் தெரியும்), ஸ்பையின் பட்டியலில் இரண்டு செய்திகள் இருக்க வேண்டும். தோற்பதைப் பார்த்த பின் விதியை எழுதுங்கள். நீர் 12 அடிக்கு மேலும் கீழுமாக அலைந்தால் நிமிடத்துக்கொரு செய்தி போகாதிருக்க என்ன செய்வது என்பதையும் செயலாளரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.